வான்கோழி வாங்கிய கணம்

அரியலூரில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு நான் இயற்பியல் வாத்தியார். கணத்தாக்கு என்று ஒரு பாடம் உண்டு. அதைப் பரீட்சையில் 'கணவன்தாக்கு' என்று எழுதியவர்களும் உண்டு. மட்டை பந்தைத் தொடுவது கண் சிமிட்டும் நேரம்தான். பந்து போய் விழுவது எங்கேயோ. மனசுக்குள் விழும் அப்படியொரு அடிதான் திடீர் ஆசை என்று விளக்குவேன். வகுப்போடு விட்டிருக்கலாம்.

என் மனைவி வேணி போனில் பார்த்த வேகத்தில் ஒரு குட்டித் தையல் மிஷின் வாங்கிவிட்டாள். அது ஒரு பாவாடையைக் கடித்துத் தின்றதோடு சரி. அப்போது அவள் தங்கை அனிதா பத்து நாள் தங்க வந்திருந்தாள். அவள் முன்னாலேயே பாடம் எடுத்தேன்.

"தோணுன ஒடனே வாங்குறது கொரங்கு புத்தி" என்றேன்.

வேணி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் கோயிலுக்குத் தனியாகப் போனேன். கும்பிட்டு வெளியே வந்தால், ரோட்டோரம் ஒருவர் வான்கோழி விற்றுக்கொண்டிருந்தார். அது என்னைப் பார்த்து வாலை விசிறியாக விரித்தது. என்னைப் பார்த்து இதுவரை யாரும் புன்னகையைக்கூட அவ்வளவு விரித்ததில்லை. அவ்வளவுதான். பைக்கைக் கிளப்பும்போது அது என் மடியில் இருந்தது.

பெரம்பலூர் தாண்டிய பிறகுதான் புத்தி வந்தது. எந்த முகத்தோடு வீட்டுக்குள் கொண்டுபோவது? பக்கத்து வீட்டு ராசாங்கத்திடமும் அவர் மனைவி மலர்கொடியிடமும் ஒப்படைத்தேன். யார் கேட்டாலும் உங்களுடையது என்று சொல்லிவிடுங்கள் எனக் கெஞ்சினேன்.

மறுநாள் காலை வேணி என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு ராசாங்கம் வீட்டு வாசலில் போய் நின்றாள். அனிதாவும் பின்னாலேயே வந்தாள்.

"யாரு வாங்குனதுண்ணே இது?"

ராசாங்கம் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நான்தாம்மா."

"அழகா இருக்குண்ணே. எனக்குக் குடுக்குறீங்களா?"

தன்னுடையது இல்லாததைக் கொடுக்க யாருக்குத்தான் மனசு வராது? உடனே கயிற்றை அவிழ்த்துக் கையில் கொடுத்துவிட்டார். வேணி என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லுங்க."

தெருவே பார்த்தது. அனிதா பார்த்தது அதைவிட மோசம். காது மடலெல்லாம் சுட, என் வான்கோழிக்காக நான் கை கூப்பினேன்.

"ரொம்ப நன்றிங்க, ராசாங்கம்."

"இருக்கட்டும் வாத்தியாரே" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

வீட்டுக்கு வந்து வான்கோழிக்கு அரிசி போட்டுக்கொண்டே வேணி சொன்னாள்:

"மலர்கொடி அக்கா நேத்தே சொல்லிட்டாங்க. ஆனா நீங்க இவ்வளவு பணிவா கும்பிடுவீங்கன்னுதான் நெனைக்கல."