மாமாவுக்கு அனுப்பாத மனு

ஹோம்புஷ், சிட்னி
20-9-1976, திங்கள்

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வரதராஜா பணிவுடன் எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் உடம்பளவில் சுகம். உங்கள் பிரஷரும் பெரியக்காவின் முழங்கால் வலியும் குறைய நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன்.

மகள் கமலினி சரித்திரத்தை விட்டுவிட்டு விஞ்ஞானம் எடுக்க வேண்டும், பிறகு மருத்துவம் படிக்க வேண்டும் என்று நீங்கள் எழுதிய கடிதம் ஆகஸ்டில் கிடைத்தது. அங்கே பல்கலைக்கழக அனுமதியில் கொண்டுவந்த தரப்படுத்தலால் உங்கள் மகன் சிறி மூன்று புள்ளியில் மருத்துவத்தைத் தவறவிட்டதையும், இங்கே கிடைக்கும் வாய்ப்பைப் பாழாக்கக்கூடாது என்பதையும் இரண்டு தரம் வாசித்தேன். மறுநாளே பள்ளிக்கூடப் படிவத்தில் பௌதிகம், இரசாயனம், உயர் கணிதம் என்று நிரப்பி ஒப்பமிட்டுக் கொடுத்தேன். பிள்ளையிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. என்னைப் படவரைஞனாக்கியபோது என்னிடம் யார் கேட்டார்கள், நீங்கள்தானே முடிவு செய்தீர்கள்.

வினை அமெரிக்காவிலிருந்து வந்தது. அவர்கள் சுதந்திரம் அறிவித்து இந்த ஜூலையோடு இருநூறு வருடமாம். குடியேறிகள் ஏன் இங்கிலாந்திலிருந்து பிரிந்தார்கள் என்று ஆராய்ந்து எழுதச் சொல்லிச் சரித்திர ஆசிரியை கமலினியிடம் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை தோறும் ரயிலேறி நூலகம் போவாள். இரவுச் சாப்பாட்டுக்கு அமெரிக்காவோடு வருவாள். அவர்களுக்கு வரி பெரிய பாரமில்லையாம். தங்கள் ஆள் ஒருவர்கூட இல்லாத சபை, கடலுக்கு அப்பாலிருந்து விதிப்பதுதான் கோபமாம். முதலில் பிரியவும் விரும்பவில்லையாம். நாங்கள் உங்கள் விசுவாசமான குடிகள் என்று பத்து வருடம் மனு மேல் மனு எழுதினார்களாம். கடைசி மனுவை அரசன் கையில் வாங்கவே மறுத்தானாம். குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த சிவனேஸ்வரி, இவ்வளவு நாளும் வாய் திறக்காதவள், அன்று கேட்டாள்.

“அங்க பொம்பிளையளிட்ட ஆரும் கேட்டவையோ?”

“இல்லை அம்மா. அடிமையளிட்டயும் கேக்கேல்லை. எல்லாரும் சமம் எண்டு எழுதின ஆக்களே அடிமை வச்சிருந்தவை.”

“அப்ப எழுதினது பொய்தானே?”

“பொய்யில்லை. எழுதினவைதான் அரைவாசியில நிண்டிட்டினம்.”

அடுத்த கிழமை படிவ விஷயம் கமலினிக்குத் தெரிய வந்தது. அழுகையோ சத்தமோ இல்லை. உங்களுக்கு ஒரு மனு எழுதினாள், அத்தான். இரண்டு பக்கம், தமிழில், “என்றும் கீழ்ப்படிவுள்ள மருமகள்” என்று முடித்து. தாயும் கீழே ஒப்பமிட்டாள். தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தார்கள். அது பத்தொன்பது நாள் நான் வேலைக்குக் கொண்டுபோகும் கந்தோர்ப் பையில், சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில் கிடந்தது. உங்கள் பிரஷரை நினைத்துத்தான் என்று எழுதலாம். உண்மை, எனக்கு உங்களிடம் பயம்.

சனிக்கிழமை கோடு போட அடிமட்டம் தேடி என் பையைத் திறந்தவள் அதைக் கண்டாள். நான் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

“அரசன் வாங்க மாட்டன் எண்டான், அது அவன்ர பிழை. நீங்கள் அனுப்பவே இல்லையே, அப்பா.”

அதன்பின் என்னோடு பேச்சில்லை. சிவனேஸ்வரி எனக்குத் தேநீர் போடுவதை நிறுத்திவிட்டாள். நானே போட்டு, ஒரு வாய் குடித்துப் பார்த்து, நானே தொட்டியில் ஊற்றுகிறேன். சமாதானம் பேச மேல்மாடி நரசிம்மனை அழைத்தேன். சென்னைக்காரர், நிதானமான மனிதர். உள்ளே போய் ஒரு மணித்தியாலம் கழித்து வந்தவர், “பொண்ணு சொல்றதுல நியாயம் இருக்கு சார். ஒரு தடவ கேட்டிருக்கலாம்” என்று என்னிடமே சொன்னார். அவருக்குத் தேநீர் கிடைத்தது.

களைத்துவிட்டேன், அத்தான். பகலில் யாரோ கட்டப்போகும் பாலங்களை வரைகிறேன். மாலையில் யாரும் மதிக்காத தேசமொன்றை ஆள வருகிறேன். ஆனாலும் உங்கள் முடிவிலிருந்து நான் இம்மியும் அசையவில்லை. பாடம் மாற்ற நாளைதான் கடைசி நாள். அரை நாள் லீவு போட்டு நேரில் போய் அந்தப் படிவத்தை உறுதிப்படுத்திவிட்டு வருவேன். மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளைத் திருத்தி அனுப்பாதீர்கள்.

பெரியக்காவுக்கு எங்கள் அன்பு. சிறிக்கு என் ஆசி. அவனுக்கு நல்ல வழி பிறக்கும்.

உங்கள் சொல் தட்டாத
வரதராஜா

பி.கு.: செவ்வாய் மாலை. உறை இன்னும் ஒட்டவில்லை. காலையில் போனேன். மாற்றம் ஏதுமுண்டா என்று அலுவலகப் பெண் கேட்க, இல்லை என்றேன். அவள் படிவத்தைத் திருப்பினாள். பின்பக்கத்தில் மாணவியின் விருப்பம் என்று ஒரு கட்டம் வெறுமையாக இருந்தது. நான் கண்டிருக்கவேயில்லை. என்ன எழுத வேண்டும் என்று கேட்டாள். எனக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்றார்கள். சரித்திரம் என்றேன். முன்பக்கத்தில் அது இல்லையே என்றாள். பேனாவை வாங்கி இரசாயனத்தை வெட்டிச் சரித்திரம் என்று எழுதினேன். மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தில், “பிள்ளை விரும்பினாள்” என்று எழுதினேன். இரசாயனம் இல்லாமல் மருத்துவம் இல்லை என்று எனக்குத் தெரியும், அத்தான். உங்களைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் இது. வருகிற தையில் எனக்கு நாற்பத்தெட்டு வயது.