குடல் டொக்டரின் அண்ணன்

லண்டனில் வாழும் உயிரினங்களில் ‘டொக்டரின் அண்ணன்’ என்றோர் இனம் உண்டு. டொக்டருக்குச் சந்தேகங்கள் வரும். இவருக்கு வராது.

மனோர் பார்க் கிருஷ்ணராசாவைப் பாருங்கள். தங்கை தாரகா, பிள்ளைகளின் குடல் நோய்களைக் கவனிக்கும் டொக்டர்; குடலில் வாழும் நல்ல கிருமிகளைக் கொண்டு அவற்றை ஆற்ற முடியுமா என்று ஆராய்கிறவள். அவளைப் படிப்பிப்பதற்காகத் தன் படிப்பைப் பாதியில் விட்டுக் கடையில் நின்றவர் இவர். அந்தப் படிப்பில் கொஞ்சம் தனக்கும் சேரவேண்டும் என்று அவர் நினைப்பதில் என்ன தவறு?

ஆகவே கோயில் வரிசையிலும், பஸ் தரிப்பிலும், முடிவெட்டும் கதிரையில் முடிவெட்டுகிறவர் அசையாதேங்கோ என்று சொன்ன பிறகும், நல்ல கிருமி, கெட்ட கிருமி, தயிர், பழஞ்சோறு என்று விளக்கிக்கொண்டே இருப்பார். ஒரு கலியாண வீட்டில், கத்தரிக்காய்க் குழம்பு வரும் நேரம் பார்த்து, சுகதேகியின் மலத்தைச் சுத்திகரித்து நோயாளியின் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சையைத் தொடங்கினார்.

“ஐசே, சோறு இறங்கட்டும்!” என்று கெஞ்சினார் பக்கத்தில் இருந்த நண்பர் செபமாலைமுத்து.

மேசையில் ஒருத்தி மட்டும் கவனமாகக் கேட்டாள். யோகமலர். அவள் மகன் அபிஷனுக்குக் குடல் அழற்சி. சில கிழமைகளுக்கு வேறெதுவும் கொடாமல் ஒரு மருந்துப் பால் மட்டும் கொடுக்கச் சொல்லியிருந்தது ஆஸ்பத்திரி. கைகழுவும் இடத்தில் அவள் கிருஷ்ணராசாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணை, பழஞ்சோத்திலை நல்ல கிருமி இருக்கெண்டியள்?”

“நிறைய!”

“அப்ப நாளையிலையிருந்து அந்தப் பாலை நிப்பாட்டிப்போட்டு அதையே குடுக்கப்போறன். பிள்ளை எலும்பும் தோலுமாய்ப் போனான். நீங்களே சொன்னாப் பிறகு எனக்கென்ன பயம்?”

பயம் இப்போது அவருக்கு வந்தது. “கொஞ்சம் நில்லுங்கோ” என்று வெளியே ஓடித் தங்கைக்குப் போன் அடித்தார்.

“ஐயோ அண்ணா, பாலை நிப்பாட்ட வேண்டாமெண்டு உடனை சொல்லுங்கோ! அதுதான் பிள்ளையின்ர குடலை ஆத்துற வைத்தியம். மிச்சத்தை அவையின்ர டொக்டரிட்டைக் கேக்கட்டும்.”

“அப்ப பழஞ்சோறு?”

“எனக்கே தெரியாததை நீங்கள் எப்பிடி அண்ணா சொன்னனீங்கள்?”

திரும்பி வந்தார். பட்டு வேட்டி சரசரத்தது. இந்த இனத்தின் தொண்டையில் சிக்கிக்கொள்ளும் சொல் ஒன்று உண்டு.

“பிள்ளை, பாலை நிப்பாட்டாதேங்கோ. உங்கட டொக்டரிட்டைக் கேளுங்கோ. பழஞ்சோத்தைப் பற்றி… எனக்குத் தெரியாது.”

யோகமலர் அவரையே பார்த்தாள். “நல்லகாலம் அண்ணை, உங்களை மறிச்சுக் கேட்டது. பாலையே குடுக்கிறன்.”

கிருஷ்ணராசா திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த கிழமை பஸ் தரிப்பில் செபமாலைமுத்து அகப்பட்டார்.

“உண்மையான டொக்டர்மார் ‘தெரியாது’ எண்டு சொல்லத் தயங்கமாட்டினம், ஐசே. போன கிழமைகூட நான் சொன்னனான்!”

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் மருமகள் சட்டம் படிக்கிறாளாமே? அன்றைக்கு யாருக்கோ அவருடைய வீட்டு வழக்கைப் பற்றி விளக்கமாகச் சொன்னீர்களாமே? கை கழுவப் போகும்போது சற்றுத் திரும்பிப் பாருங்கள். நீங்கள் சொன்னதை நம்பிவிட்ட ஒருவர் அங்கே காத்துக்கொண்டு நிற்கக்கூடும்.