ஸ்டார்ட்டரைக் காப்பாற்றுகிறவர்

தேய்மானக் காவலர் என்றொரு இனம் உண்டு. பொருளை வாங்குவார்கள்; வாங்கிய நாளிலிருந்து அதை வேலை செய்யவிடாமல் காப்பாற்றுவார்கள்.

நம் கணக்கு வாத்தியாரைப் பாருங்களேன். புதுக் கார் வாங்கினார். சிக்னலில் நின்றால் எஞ்சின் தானே அணையும்; பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானே கிளம்பும். அவர் உடனே கணக்குப் போட்டார். நாளுக்கு முப்பது சிக்னல் என்றால் வருஷத்துக்குப் பத்தாயிரத்துச் சொச்சம் ஸ்டார்ட்! பாவம், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பிவிடும் அந்த ஸ்டார்ட்டர் மோட்டார் எத்தனைதான் தாங்கும்?

"சார், இந்த மாதிரி வண்டிக்குன்னே பலமான மோட்டாரா போடறாங்க," என்றார் மெக்கானிக்.

"போடறவங்க அப்படித்தான் சொல்வாங்க."

அன்றுமுதல் வண்டியில் ஏறினால் அந்த வசதியை அணைத்துவிட்டுத்தான் மறுவேலை. அதோடு விட்டாரா? கடைக்குள் போனாலும் எஞ்சின் ஓடும், முடி வெட்டிக்கொள்ளும்போதும் ஓடும், பக்கத்து வீட்டுக்காரருக்கு ஸ்டார்ட்டரின் ஆயுளைப் பற்றி அவர் அரைமணி நேரம் பாடம் நடத்தும்போதும் வாசலில் அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும்.

அவருடைய அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நாலு மாதம் காத்திருந்து கிடைத்த நாள். பத்து மணிக்குள் போகாவிட்டால் இன்னொரு நாலு மாதம். அம்மா பின்சீட்டில் ஏறியாயிற்று. மறந்துவிட்ட ஆஸ்பத்திரி ஃபைலைத் தேடி எடுக்க மனைவிக்கு இருபது நிமிடம். எஞ்சின் ஓடியது. பெட்ரோல் முள் சிவப்பில் படுத்திருந்ததை யார் பார்த்தார்கள்?

பாலத்தின் நடுவில் வண்டி குலுங்கி நின்றது.

வாத்தியார் பொத்தானை அழுத்தினார். ஸ்டார்ட்டர் ஜோராகச் சுழன்றது. எஞ்சின் கிளம்பவில்லை. மறுபடி அழுத்தினார். இன்னும் ஜோர்! அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்டியா? ஒன்றரை வருஷமாச்சு. நேத்து வாங்கின மாதிரி சுத்துது!"

"பெட்ரோல் இல்லீங்க," என்றாள் மனைவி.

"அது வேற விஷயம்."

"டேய்," என்றாள் அம்மா, "எனக்குக் கண்ணுதான் தெரியல. காது நல்லாவே கேக்குது. கதவைத் தொற."

மாமியாரும் மருமகளும் ஒரு வாடகைக் காரை நிறுத்தி ஏறினார்கள். அது ஏழு சிக்னலில் அணைந்தது, ஏழு தடவையும் கிளம்பியது.

"ஏம்ப்பா, இப்படி ஸ்டார்ட் பண்ணிட்டே இருந்தா தேயாதா?" என்று டிரைவரைக் கேட்டாள் அம்மா.

"தேயும்மா. தேஞ்சா வேற மாட்டிக்கலாம். கண்ணுக்கு லேட்டானா?"

பத்துக்கு மூன்று நிமிடம் இருக்கையில் அம்மா ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். மகன் பாலத்தில் காரைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஸ்டார்ட்டருக்கு ஒரு குறையுமில்லை.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆமாம், முழங்கால் தேய்ந்துவிடும் என்று ஒரே ஒரு மாடி ஏற லிஃப்ட் வரும்வரை பத்து நிமிடம் நிற்கிறீர்களே, அந்தக் காலை எதற்குப் பத்திரப்படுத்துகிறீர்கள்?