போர்ட்லாகன் ரோவர்ஸின் பதினோராவது பெயர்

போர்ட்லாகன்,
18 ஜூன் 2001.

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணன் மர்டோவுக்கு,

தம்பி ஃபெர்கஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் எல்ஸ்பெத்தும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை, அதன் கதையைத் தனிக் கடிதத்தில் எழுதுகிறேன். கனடாவில் நீயும் அண்ணி வெர்னாவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஹாமில்டனில் வெயில் கடுமை என்று கேள்வி. இங்கேயும் செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் வெயில் அடித்தது. உடல்நலமும் வானிலையும் முடிந்துவிட்டபடியால் விஷயத்துக்கு வருகிறேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் தயவுசெய்து உட்கார்.

நம் ரோவர்ஸ் கால்பந்து கிளப்புக்கு இந்த வருஷம் நூறு வயது. நூறு வருஷத்தில் ஆடியவர்களிலே மறக்க முடியாத பதினொரு பேரின் பெயரை ஒரு பெரிய பலகையில் பொன் எழுத்தில் எழுதி, மைதானத்து நுழைவாயிலில் மாட்டுவது என்று கமிட்டியில் முடிவானது. அந்தப் பதினொரு பேர் யார் என்பதை ஊரே சொல்லட்டும் என்றாள் செயலாளர் நெட்டா குலோக். அவளை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு வந்தவள். ஆட்டத்தன்று சூடான இறைச்சிச் சாறு விற்பவளும் அவளே. ஜனவரிக் குளிரில் அவளைப் பகைத்துக்கொள்ள இந்த ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஆகவே நீ முன்பு வேலை பார்த்த அதே ரொட்டிக்கடையில் ஒரு பிஸ்கட் டின்னை வைத்தோம். ஒரு சீட்டில் ஒரு பெயர், அதற்குக் கீழே ஒரு வரியில் காரணம், இதுதான் விதி. முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக மின்சார மீட்டர் பார்த்தவன் எண்ணிக்கையில் தப்பமாட்டான் என்று, சீட்டுகளை எண்ணும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள்.

முதல் பத்துப் பெயர்களில் வியப்பு ஒன்றுமில்லை. கோல்காவலர் நீளக்கை ஹெக்டர் பக்கன் முதலிடம். உடைந்த விரலோடு ஒரு பருவம் முழுக்க ஆடியவர், அது உடைந்திருப்பதையே அடுத்த பருவத்தில் கையுறை மாற்றும்போதுதான் பார்த்தாராம். அடுத்து நீல் கிரெய்கி. பாதிரியார் மகன் என்பதால் கெட்ட வார்த்தை பேசமாட்டார், அதற்குப் பதிலாகப் பைபிளின் பழைய ஏற்பாட்டிலிருந்து பெயர்களைச் சொல்லிக் கத்துவார். பின்னாலிருந்து “நேபுகாத்நேச்சார்” என்று குரல் வந்தால் எதிரணிக்காரன் பந்தை விட்டுவிட்டு ஒதுங்கிவிடுவான். மூன்றாவது உன் காலத்து அணித்தலைவர் ஆர்ச்சி டெயிட். மீன்பிடிப் படகிலிருந்து இறங்கி நேராக மைதானத்துக்கு வருபவர், சட்டையெல்லாம் மீன் செதில், பிடித்து இழுக்க வந்த எவன் கையிலும் சிக்கியதில்லை. இப்படிப் பத்து வரை நிம்மதியாக எழுதிக்கொண்டு வந்தேன். பதினோராவது இடத்தில் எண்பத்து மூன்று சீட்டுகளோடு நீ நின்றாய்.

அண்ணா, நான் மூன்று தடவை எண்ணினேன்.

உனக்குத் தெரியாததை எழுதப்போவதில்லை. ஆனாலும் நாற்பது வருஷமாக நாம் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை என்பதால் ஒருமுறையாவது எழுதிவிடுகிறேன். 1961 ஏப்ரல், கிர்க்பிரே அணியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் பிரிவு. ஒரு நிமிஷம் பாக்கி, நமக்குப் பெனால்டி. நீ அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போய், பார்வையாளர் கூரைக்கு மேலே போய், ரயில்பாதைச் சுவரையும் தாண்டி, அந்த நேரம் பார்த்துப் போய்க்கொண்டிருந்த நிலக்கரி வண்டியில் விழுந்து பெர்த் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்றைக்கும் இந்த ஊரில் யாராவது சாவியைத் தொலைத்தால் “பெர்த்துல தேடு” என்பார்கள். மீட்டர் பார்க்க நான் கதவைத் தட்டினால், “யாரு, லோரிமரா? பாத்துப்பா, ரீடிங்கை ரொம்ப மேல தூக்கி விட்டுடாதே” என்பார்கள். இரண்டு வருஷம் கழித்து நீ கனடாவுக்குப் போனாய். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தபோதுகூட மைதானத்துத் தெரு வழியாகப் போகாமல் துறைமுகத்தைச் சுற்றிக்கொண்டு போனாய். அதை நான் பார்த்தேன்.

அதனால் இந்த எண்பத்து மூன்றும் கேலி என்றே எடுத்துக்கொண்டேன். டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளப்பின் தேநீர் அறைக்குப் போனேன். நெட்டா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் ஓரத்தில் ஆர்ச்சி டெயிட் தன் வழக்கமான நாற்காலியில் இருந்தார். எழுபத்து மூன்று வயது, இரண்டு இடுப்பு மூட்டும் மாற்றியது.

“எங்க அண்ணன் பேரை எடுத்துடு, நெட்டா. செத்த பாம்பை நாப்பது வருஷமா அடிக்கிறாங்க, போதும்,” என்றேன்.

“காரணத்தைப் படிச்சியா?”

“படிக்க என்ன இருக்கு. கேலிதான்.”

“கேலியான்னு படிச்சாத்தானே தெரியும். உக்காரு. சத்தமா படி.”

உட்கார்ந்தேன். முதல் சீட்டில் “வயிறு வலிக்கச் சிரிக்க வைத்ததற்காக” என்று இருந்தது. பார்த்தாயா என்பதுபோல அவளைப் பார்த்தேன். இரண்டாவதில் “அந்த நிலக்கரி ரயிலை ஓட்டியவர் என் மாமா.” இது காரணமே அல்ல. மூன்றாவதைப் படித்தேன். “சனிக்கிழமை பெனால்டி. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ரொட்டிக்கடை எப்போதும்போலத் திறந்திருந்தது. அவன்தான் கவுண்டரில் நின்றான்.” அடுத்தது, “எங்கள் அப்பா அவனைத் திட்டுவதற்கென்றே கடைக்குப் போனார். ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.” அதற்கடுத்தது, “பந்தைக் குறை சொல்லவில்லை, தரையைக் குறை சொல்லவில்லை.” அப்புறம் பென்சிலால் எழுதிய ஒன்று, விதியை மீறி ஐந்து வரி: “அந்த வருஷம் நான் என் படகை மணல்திட்டில் ஏற்றி உடைத்தேன். வெளியே தலைகாட்டாமல் வீட்டுக்குள் கிடந்தேன். மனைவி ரொட்டி வாங்க அனுப்பினாள். மர்டோ என்னைப் பார்த்து, வழக்கமானதுதானே என்று கேட்டான். மறுநாள் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனேன்.”

அண்ணா, கேலி இருபத்தொன்றுதான். மற்ற அறுபத்திரண்டும் ரொட்டிக்கடையைப் பற்றியது. பாதியில் கண்ணாடி சரியில்லை என்று சொல்லி நிறுத்திவிட்டேன். மீதியை நெட்டா படித்தாள்.

அவள் முடித்ததும் ஜன்னல் ஓரத்திலிருந்து குரல் வந்தது.

“டேய் ஃபெர்கஸ். அந்தப் பெனால்டியை யார் அடிச்சிருக்கணும், தெரியுமா?”

“எங்க அண்ணன்தானே.”

“நான்டா. அந்த வருஷம் பூரா நான்தானே அடிச்சேன். அன்னைக்கும் பந்தை எடுத்துட்டு நான்தான் போனேன். போய் நின்னா, கால் ரெண்டும் என்னோடது இல்ல. அப்படி ஒரு நடுக்கம். உங்க அண்ணன் பக்கத்துல வந்து என்ன ஆச்சுன்னான். முடியலடான்னேன். குடுங்கன்னான். அவ்வளவுதான். அவனுக்கு அப்ப வயசு இருபத்திமூணு. எனக்கு முப்பத்திமூணு.”

“இத்தனை வருஷம் ஏன் சொல்லலை?”

“அவன் சொல்லுவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அவன் சொல்லலை. ஒரு மாசம் ஆச்சு, ஒரு வருஷம் ஆச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது.” ஆறிப்போன தேநீரைக் கொஞ்ச நேரம் கலக்கினார். “பலகையில அவன் பேர் இல்லைன்னா என் பேரும் வேண்டாம். எழுதிக்கோ.”

“எழுதிக்கறதெல்லாம் வேண்டாம். அவர் பேர் இருக்கும்,” என்றாள் நெட்டா.

ஆகவே நீ இதை மறுக்க வழியில்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஆர்ச்சி சொன்ன பிறகு நான் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. வாசல் வாசலாக அவர்கள் அந்த ஜோக்கைச் சொன்னபோது நானும் சேர்ந்து சிரித்தேன். சில சமயம் அவர்கள் மறந்துபோனால் நானே எடுத்துக் கொடுத்தேன். நீ ஊரை விட்டுப் போன அன்று எனக்குக் காய்ச்சல் என்றார்களே, காய்ச்சல் இல்லை. ஸ்டேஷனில் ஆட்கள் இருப்பார்கள், உன் பக்கத்தில் நிற்க வேண்டுமே என்று படுத்துக்கொண்டேன். ரயில் ஊதியது படுக்கையில் கேட்டது. எழுந்து ஓடினால் பிடித்திருக்கலாம்.

வா அண்ணா. ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி விழா. மாடி அறைக்கு எல்ஸ்பெத் புதுத் திரை தைத்துவிட்டாள். யாரும் உன்னைப் பந்து உதைக்கச் சொல்லமாட்டார்கள், அதை நெட்டாவிடம் எழுதியே வாங்கிவிட்டேன். இந்தத் தடவை ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன், ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து நிற்கிறேன். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. ஆண்டவன் உங்கள் எல்லோருக்கும் நல்ல தூக்கத்தையும் நல்ல முழங்காலையும் தரட்டும்.

இப்படிக்கு,
என்றும் உன் தம்பி,
ஃபெர்கஸ் லோரிமர்.

பின்குறிப்பு: இதை ஒட்டுவதற்குள் ஒரு வாரம் ஓடி, பலகையும் வந்துவிட்டது. பெயர் எழுதுகிறவருக்கு நான் கொடுத்த பட்டியலில் பத்துப் பெயரோடு பக்கம் நிறைந்துவிட்டதால் உன் பெயரைப் பின்பக்கம் எழுதினேன். முன்பக்கத்தில் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை. பதினோராவதாக, பொன் எழுத்தில், எஃப். லோரிமர் என்று இருக்கிறது. அவர் ஸ்பெயினில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அக்டோபரில்தான் வருவாராம். விழாவையும் அக்டோபருக்குத் தள்ளிவிட்டோம். அதுவரை பலகையைக் கழற்றி வைக்கட்டுமா என்று நெட்டா கேட்டாள். சுவரில் துளை போட்டாயிற்று, கிடக்கட்டும் என்றேன். ஆர்ச்சி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நேற்று கிர்க்பிரேயிலிருந்து வந்த ஒரு பெரியவர், பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்து, “நீங்க ஆடினதைப் பார்த்தவன் நான். ஒரு தடவை கை குடுங்க” என்றார். கொடுத்தேன். இன்று காலை தபால் நிலையத்தில் எனக்கு வரிசையில் முன்னால் இடம் விட்டார்கள். ஆகையால், மேலே எழுதியதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு, ஆகஸ்டில் மட்டும் வந்துவிடாதே. அக்டோபரில் வா. எனக்கு மூன்று மாதம் போதும்.