ஏழடுக்கில் ஏறி வந்த தண்ணீர்

மனித குலம் பேசத் தொடங்கி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பேச்சை முதன்முதலாக ஒழுங்குக்குக் கொண்டுவந்த பெருமை, 1985-இல் மதுரை கே.கே. நகரில் இயங்கிய எங்கள் விதை விற்பனைக் கழகத்தையே சாரும்.

எங்கள் மேலாளர் சௌரிராஜன் சார் டெல்லிக்குப் போய்க் கம்ப்யூட்டர் பயிற்சி பெற்று வந்தார். கம்ப்யூட்டர் வரவில்லை, பயிற்சி மட்டும் வந்தது. தூரத்திலிருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ள ஏழு அடுக்குகள் உண்டாம். மேலடுக்கு கொடுப்பதைக் கீழடுக்கு ஓர் உறையில் போட்டு இன்னும் கீழே தள்ளுமாம். உறைக்குள் என்ன இருக்கிறதென்று எந்த அடுக்கும் எட்டிப் பார்க்காதாம்.

"மிஷினுக்கே இம்புட்டு ஒழுக்கம்னா, நமக்கு எம்புட்டு இருக்கணும்?" என்றார் சார்.

மறுநாளே நாங்கள் ஏழு பேரும் 'அடுக்கு'களானோம். சார் ஏழாவது. சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்வரும் விருமாண்டி முதலாவது. நான் நான்காவது. அடுத்த அடுக்கைத் தவிர வேறு யாருடனும் பேசக் கூடாது. அத்தனை அடுக்குகளையும் ஒரேயடியாகத் தாண்டுகிற கருவி என்பதால் டெலிபோனைப் பூட்டிவிட்டார்கள்.

டி. கல்லுப்பட்டி கோடவுனில்தான் சின்னச் சிக்கல். அங்கே வேலை பார்த்தது நல்லகாமன் ஒருவர் மட்டுமே. இங்கே ஏழென்றால் அங்கேயும் ஏழு வேண்டும். சார் தயங்காமல் ஏழு நாற்காலிகளை அனுப்பிவைத்தார். நல்லகாமன் ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவார். எழுந்து ஆறாவதில் உட்கார்ந்து உறையிடுவார். ஐந்தாவதில் அந்த உறைக்கு ஓர் உறை. முதல் நாற்காலிக்கு வருவதற்குள் செய்தி தலையணை மாதிரி ஆகிவிடும்.

புரட்டாசியில் நல்ல மழை. கோடவுனுக்குள் தண்ணீர் புகுந்து சோள விதை மூட்டைகளைத் தொட்டது. நல்லகாமன் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலி நாற்காலியாக மாறினார். நான்காவதில், விதிப்படி செய்தியைத் துண்டுகளாக்கி எண் போட்டார். ஒவ்வொரு துண்டும் தன் வழியைத் தானே தேடிக்கொள்ள வேண்டுமென்பதால் வேறு வேறு பஸ்களில் ஏற்றினார். ஒன்று ராஜபாளையம் போய்விட்டது.

என் மேஜைக்கு இரண்டாம் துண்டு வரவில்லை. திரும்ப அனுப்பும்படி எழுதிக் கீழே தள்ளினேன். காணாமல் போன துண்டில் இருந்தது 'தண்ணீர்' என்ற ஒரே சொல் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. தெரிந்துகொள்வது நான்காம் அடுக்கின் வேலையுமல்ல.

இதற்கிடையில் கல்லுப்பட்டியிலிருந்து மாயக்காள் என்ற சம்சாரி அம்மா பஸ்ஸேறி வந்துவிட்டார். நிலத்தை உழுதுபோட்டு, ஈரம் காய்வதற்குள் விதைக்க எங்கள் கோடவுன் விதைக்காகக் காத்திருந்தவர். நேரே சார் முன்னால் போய் நின்றார்.

"சார், கோடவுன்ல தண்ணி பூந்துருச்சு. வெத மூடைக நனையுது."

சார் கோபப்படவில்லை. "அம்மா, நீங்க எந்த அடுக்கு?" என்றார்.

"நான் கல்லுப்பட்டி."

அப்படி நேரடியாகச் சொன்னால் தம்மால் கேட்டுக்கொள்ள இயலாது என்று சார் பொறுமையாக விளக்கி, அவரை முதல் அடுக்குக்கு அனுப்பினார். விருமாண்டி, வாயால் சொல்வதைச் சைக்கிளில் வைக்க முடியாதென்று, உறையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். மாயக்காள் சொன்னது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. ஆனால் முறைப்படி விழவில்லை.

வாரக் கடைசியில் இரண்டாம் துண்டு வந்தது. செய்தி ஒவ்வோர் அடுக்காக ஏறி, உறைகள் உரிந்து, சாரை அடைந்தது. 'கோடவுனுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, தார்ப்பாய் அனுப்புக.' ஓர் எழுத்துகூடப் பிசகவில்லையே என்று சாருக்குக் கண் கலங்கியது. உடனே ஜீப்பில் தார்ப்பாயை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

கோடவுன் வாசலில் மாயக்காள் நின்றிருந்தார். நிலத்தில் ஈரம் காய்ந்துவிட்டதாம். அவர் குரலில் கோபம்கூட மிச்சமில்லை. நல்லகாமன் கதவைத் திறந்தார். மூட்டைகளைக் கிழித்துக்கொண்டு சோளம் பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது.

சார் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "முளைப்புத் திறன் நூறு சதவீதம். தலைமையகத்துக்கு எழுதணும்" என்றார்.

மாயக்காள் குனிந்து ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தார்.

"மூணு வருசமா ஒங்க வெதயத்தான் வாங்கி வெதைக்கிறேன் சார். அது மொளச்சுப் பாக்குறது இன்னைக்குத்தான்."