கால்மாட்டுக் காகிதம்

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத் தலைமாடு, கால்மாடு என்று இரண்டு பக்கம் உண்டு. தலைமாட்டில் நோயாளியின் முகம் இருக்கும். கால்மாட்டில் ஒரு தகர அட்டை தொங்கும்; அட்டையில் ஒரு காகிதம், காகிதத்தில் கட்டம், கட்டத்தில் ஏறி இறங்கும் சிவப்புக் கோடு. பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தலைமாட்டுக்குப் போய், "இப்போ எப்படி இருக்குது?" என்று கேட்பார்கள். மீதிப் பேர் நேரே கால்மாட்டுக்குப் போய்க் காகிதத்தைத் தூக்கிப் பார்ப்பார்கள். இந்த இரண்டாவது ஜாதிக்குக் கால்மாட்டுக்காரர்கள் என்று பெயர். நான் வைத்த பெயர்தான். வேறு யாராவது வேறு பெயர் வைத்திருந்தால், அதை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

இவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். "தலை வலிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் தலையைப் பார்க்கமாட்டார். "எப்போதிலிருந்து?" என்பார். "காலையிலிருந்து" என்றால், "காலை என்றால் எத்தனை மணி?" என்பார். "ஏழு இருக்கும்" என்றால், "ஏழா, ஏழு பத்தா?" என்பார். அதற்குள் தலைவலியே வெட்கப்பட்டுப் போயிருக்கும். போகாவிட்டாலும் நீங்களே போய்விட்டது என்று சொல்லிவிடுவீர்கள். எத்தனை மணிக்குப் போனது என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்வார்.

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாகப் புகைபோக்கியை நிமிர்த்திக்கொண்டிருந்த காலத்தில், அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. பெண்கள் பிரிவில் பத்துக் கட்டில். அந்தப் பத்துக்கும் ராணி, ஹெட் நர்ஸ் ஹேமாம்புஜம். திருவள்ளூரில் கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுப் பெரியவர்கள் பெருமாளுக்கு மணி தவறாமல் செய்ததையெல்லாம் இவர் தர்மாமீட்டருக்குச் செய்தார். கை சுத்தம், வாய் சுத்தம், ஊசி போட்டால் எறும்பு கடித்த மாதிரிகூடத் தெரியாது. ஒரு குறைதான். நோயாளியின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. குணமாகிப் போனவள் கடைத்தெருவில் வந்து கும்பிட்டால், "யாரும்மா நீ?" என்று விழிப்பார். "மூணாம் நாளு எகிறி, அஞ்சாம் நாளு எறங்கிச்சே, ஒம்போதாம் நம்பரு" என்று அவள் கையைக் காற்றில் ஏற்றி இறக்கிக் காட்டவேண்டும். "அடடே, நீயா! என்ன அழகான கோடு!" என்று கன்னத்தைத் தடவுவார்.

சும்மா பழி சொல்லக்கூடாது. அந்தக் காகிதங்கள் ஒருமுறை நாற்பது பேரைக் காப்பாற்றியிருக்கின்றன. முந்தின வருஷம் ஒரே மாதிரிக் கோடு வரிசையாக வந்தபோது, இவர்தான் காகிதங்களைத் தரையில் பரப்பிப் பார்த்து, எல்லோரும் ஒரே கொட்டகையில் வேலை செய்கிறவர்கள், ஒரே தொட்டித் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் என்று கண்டுபிடித்தார். தொட்டியைத் திறந்தால் உள்ளே செத்த பெருச்சாளி. வாரத்துக்கு இரண்டு நாள் மீஞ்சூரிலிருந்து ரயிலில் வந்து, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற டாக்டர் ராமபத்ரன்கூட அன்றைக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வினை அங்கேதான் பிடித்தது. ஒரு தடவை காகிதம் சொன்னது பலித்துவிட்டால், அப்புறம் மனிதர்கள் சொல்வது காதில் ஏறுமா?

இப்படிப்பட்ட இடத்தில்தான் குப்பம்மாள் ஏழாம் கட்டிலில் வந்து படுத்தாள்.

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே இரண்டு மைலில் அவளுக்கு முக்கால் ஏக்கர் நிலம். மண்வெட்டி காலில் பட்டு, சீழ் வைத்து, காய்ச்சல் கண்டு வந்தாள். ஊசி போட்டார்கள், கட்டுப் போட்டார்கள். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து இரண்டாள் சோறு சாப்பிட்டாள். நாலாம் நாள் பக்கத்துக் கட்டில்காரிக்குப் பேன் பார்த்தாள். "எனக்கு சொகமாயிடிச்சி, ஊட்டுக்குப் போறேன்" என்றாள்.

போகமுடியுமா? சாயங்காலக் கோடு நூற்றுமூன்றில் நிற்கிறதே!

அவளுக்கு மட்டுமா? ஒன்றரை மாதமாக அந்த வார்டில் யார் வந்து படுத்தாலும் சரி, பிரசவத்துக்கு வந்தவளானாலும், கை ஒடிந்து வந்தவளானாலும், சாயங்காலம் நாலு மணிக்குக் காய்ச்சல் கொதித்தது. ராத்திரி எட்டு மணிக்குப் பார்த்தால் இல்லை. மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும். ஹேமாம்புஜம் பூரித்துப்போனார். உலகத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத நோய். "நாலு மணிக் காய்ச்சல்" என்று பெயர் சூட்டி, ஐம்பது பேரின் கோட்டைச் சேர்த்து, சென்னையில் நர்ஸுகள் கூடும் மாநாட்டில் வாசிக்கப்போகிறார். நாற்பத்தொன்பது சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு கோடும் முழுசாக ஏழு நாள் ஓடவேண்டும். ஐம்பதாவது, குப்பம்மாள்.

அவளுக்கோ வெள்ளிக்கிழமை ஏரித்தண்ணீர் முறை. முறை வந்தவர் விடிகாலையில் மடையண்டை நின்றால்தான் தண்ணீர்; நிற்காவிட்டால் அடுத்த வயல்காரர் துளசிராமனுக்குப் போய்விடும். மறுமுறை பன்னிரண்டு நாள் கழித்து. நாற்றங்காலில் நாற்றுக்கு ஏற்கெனவே முப்பத்தைந்து நாள். இன்னும் பன்னிரண்டு நாள் போனால் அதை நடுவதைவிட மாட்டுக்குப் போடலாம்.

புருஷன் அரசப்பன் புதன்கிழமை பார்க்க வந்தான்.

"நீ போயி நில்லேன்யா மடையண்ட!" என்றாள் குப்பம்மாள்.

"நானா? நான் நின்னா துளசிராமன் வருவான். 'இன்னா அரசப்பா, பீடி கீதா?'ம்பான். நான் குடுப்பேன். அவன் பத்த வெச்சிகினே மடையத் திருப்பிகினு பூடுவான்."

"பீடி இல்லன்னு சொல்றது!"

"எப்டி சொல்றது? கையில வெச்சிகினு கீறேனே."

இந்த மனிதனை நம்பி நாற்று விட்டது தன் தப்புதான் என்று குப்பம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். படுத்தவள் யோசித்தாள்.

யோசிக்கையில் நாலு மணிச் சங்கு ஊதியது. பக்கத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு மாறுகிற சங்கு. சங்கு ஊதியதும் வார்டு ஆள் தாவீது அந்தத் தொழிற்சாலைக் கான்டீனிலிருந்து வாளியில் கொதிக்கக் கொதிக்க டீ கொண்டுவந்து ஊற்றினான். அது மூன்று மணிக்கு வந்துகொண்டிருந்த டீ. போன மாதத்திலிருந்து கான்டீனில் நேரம் மாற்றிவிட்டார்கள். அதே சங்குக்கு ஹேமாம்புஜமும் தர்மாமீட்டரை உதறிக்கொண்டு புறப்பட்டார். ஒவ்வொருத்தியும் டம்ளரை வாயிலிருந்து எடுப்பாள், தர்மாமீட்டர் உள்ளே போகும். அதை எடுத்தால் மறுபடியும் டம்ளர்.

குப்பம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நர்ஸம்மா, சுடச்சுட டீ குடிச்ச வாயில குச்சிய சொருவினா சூடு காட்டாம, ஐஸா காட்டும்?"

ஹேமாம்புஜம் காகிதத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். நாடிக்குக் கட்டம் இருந்தது, மூச்சுக்கு இருந்தது, வெளிக்குப் போனதற்கு இருந்தது.

"டீக்குக் கட்டம் இல்லையேம்மா" என்றார்.

"கட்டம் இல்லன்னா இன்னா? டீ கீதே!"

"நீ சொல்றே. நான் எதில எழுதிக்கறது? அடுத்த மாசம் அச்சாபீஸ்ல சொல்லி ஒரு கட்டம் சேர்க்கச் சொல்றேன். அப்புறம் அம்பது பேருக்கு அதைப் பதினஞ்சு நாள் எழுதிப் பாக்கணும். அதுவரைக்கும் டீயைப் பத்தி நாம யாரும் ஒண்ணும் சொல்றதுக்கில்லை."

அன்றைக்குக் குப்பம்மாள் டீயைத் தொடவில்லை. தொண்ணூற்றெட்டு. "பாத்தியா தாயி! அனுப்பு" என்று புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். ஹேமாம்புஜம் அவளைப் பிடித்து உட்காரவைத்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஒரே நாள்ல அஞ்சு டிகிரி விழுந்திருக்கு. இப்படி விழப்படாது. கோடுன்னா படிப்படியா இறங்கணும். இது ஏதோ பெரிய ஆபத்துக்கு அறிகுறி. இன்னும் ஒரு வாரம் உன்னைக் கண்ணிமைக்காமப் பாத்துக்கணும்."

"பேஜாராப் போச்சே! ஏறினாலும் உட மாட்ட, எறங்கினாலும் உட மாட்ட. நான் இன்னா பண்ணட்டும்?"

"நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் எழுதிண்டிருக்கேனோன்னோ."

இப்படிப்பட்டவரிடம் அழுதால் கண்ணீர் எத்தனை சொட்டு என்பார். ஓடிப்போகலாம் என்றால் வாசலில் காவலாள். வேறு பெண்ணாக இருந்தால் விதியே என்று கிடந்திருப்பாள். ஆனால் குப்பம்மாள் இருபது வருஷமாக வரப்பு ஓரத்தில் ராங்கிக்கார எருமைகளை ஓட்டியவள். எருமையை எதிரில் நின்று தள்ளினால் நகராது. அது போக விரும்புகிற பக்கம் தானும் போகிற மாதிரி போய்த்தான் திருப்பவேண்டும்.

வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு ஆரம்பித்தாள்.

"நர்ஸம்மா, இந்த நாலு மணிக் காய்ச்சலு ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்கு ஒட்டுமா?"

"அதைத்தான் யோசிச்சிண்டிருக்கேன்."

"ஒட்டுமின்னா மொதல்ல யாருக்கு ஒட்டும்? பத்துக் கட்டிலையும் தொட்டுத் தொட்டுப் பாக்கறவங்களுக்குத்தானே? உன் பேர்ல ஒரு காயிதம் கீதா?"

ஹேமாம்புஜம் தொங்கிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் பேரில் காகிதம் இல்லை! மாநாட்டில் யாராவது எழுந்து இதே கேள்வியைக் கேட்டால்? பசி பொறுப்பார், தூக்கம் பொறுப்பார். காலிக் கட்டத்தை அவர் பொறுத்ததே இல்லை. மேஜைக்கு ஓடி ஒரு புதுக் காகிதம் எடுத்து, பேர், வயது, ஊர் எல்லாம் எழுதினார். சங்கு ஊதியது. வாளியும் வந்தது.

"காலையிலேர்ந்து நின்னுகினே கீற தாயி. ரெண்டு மடக்கு குடி, அப்பாலே குச்சிய வெச்சிக்கோ" என்று குப்பம்மாள் தன் டம்ளரை நீட்டினாள். குரலில் வெல்லம் உருகியது.

இரண்டு மடக்கில்லை, முழு டம்ளர். பிறகு தர்மாமீட்டர். ஒரு நிமிஷம். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

நூற்றுமூன்று.

கையால் நெற்றியைத் தொட்டார், சில்லென்று இருந்தது. கழுத்தைத் தொட்டார், அதுவும் அப்படியே. நெற்றியை நம்புவதா, கண்ணாடிக் குச்சியை நம்புவதா? இதுகூடவா ஒரு கேள்வி? புள்ளி வைத்த உடனே அவருக்குக் கண் எரிந்தது. கோடு இழுத்ததும் குளிர் எடுத்தது. "தாவீது, என்னைப் பிடிச்சுக்கோ" என்றார்.

"படுக்கவெக்கணும்மா. ஆனா பத்துக் கட்டிலும் ரொம்பிக்கினு கீதே" என்றான் தாவீது.

"ஏழாம் நம்பரு கீதே!" என்றாள் குப்பம்மாள். அவள் ஏற்கெனவே கீழே இறங்கி நின்று, விரிப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உன்னை எப்படி விடறது? ஐம்பதாவது கோடு..." என்று ஹேமாம்புஜம் முனகினார்.

"நீயே அம்பதாவது ஆயிடு தாயி. நாங்கள்லாம் எழுதப் படிக்கத் தெரியாத ஜனம். நோவு உள்ள பூந்தா எப்டி கீதுன்னு எங்களுக்குச் சொல்லத் தெரியுமா? நீ உள்ளேர்ந்து பாத்து எழுதினா அதுக்கு ஈடாவுமா?"

காய்ச்சலிலும் ஹேமாம்புஜத்தின் முகம் பிரகாசமாயிற்று. நோயாளியின் உடம்புக்குள்ளேயே ஒரு நர்ஸ்! இந்தக் கொடுப்பினை எந்த மாநாட்டில் யாருக்குக் கிடைத்தது? குண்டு குண்டு எழுத்தில், "கட்டில் 7: குணமாகி வீடு சென்றார், நேரம் 4.17" என்று எழுதினார். பிறகு கட்டிலில் ஏறிப் படுத்தார். தலைமாட்டில் கால், கால்மாட்டில் தலை. அப்படிப் படுத்தால்தானே தன் காகிதம் தனக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை விடிகாலை, மடையண்டை துளசிராமன் வந்தபோது குப்பம்மாள் கட்டுப்போட்ட காலோடு நின்றிருந்தாள்.

"உனக்கு நூத்திமூணு காய்ச்சல்ன்னாங்க?" என்றான்.

"இருந்திச்சி. வேண்டியவங்க ஒருத்தங்க கேட்டாங்க, குடுத்துட்டு வந்துட்டேன்."

"ஒன் ஊட்டுக்காரரு எங்க? ஒரு பீடி..."

"அவுரு தூங்குறாரு. நீ தள்ளு, தண்ணி வர்து."

தண்ணீர் வந்தது. பத்து மணிக்குள் முக்கால் ஏக்கரும் நிரம்பியது. மறுநாள் நடவு ஆயிற்று.

ஹேமாம்புஜம் அந்தக் கட்டிலில் ஆறு நாள் இருந்தார். தினம் டீ, தினம் நூற்றுமூன்று. ஏழாம் நாள் கான்டீன்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், வாளி வரவில்லை, வார்டு முழுவதும் ஒரே சாயங்காலத்தில் சொஸ்தமாயிற்று. மாநாட்டில் அவர் கட்டுரை வாசித்தபோது அரை மணி நேரம் யாரும் இருமக்கூட இல்லை. தொழிலாளர் கொதிப்புக்கும் நோயாளியின் கொதிப்புக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, ஒன்று ஏறினால் ஒன்று இறங்குகிறது, இதை மேலும் ஆராயவேண்டும் என்று முடித்தாராம். கைதட்டல் மூன்று நிமிஷம். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அவரே எழுதிவைத்திருக்கிறார்.

இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். நமக்கென்ன, நாம் நர்ஸா, நம் கையில் தர்மாமீட்டரா என்றுதானே? இருக்கட்டும். நேற்று மத்தியானம் உங்கள் வீட்டில், "பசிக்குதா, சோறு போடட்டுமா?" என்று கேட்டார்களே, அப்போது நீங்கள் வயிற்றைக் கேட்டுப் பதில் சொன்னீர்களா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னீர்களா?

பதிலை எனக்குச் சொல்லவேண்டாம். எங்கேயாவது எழுதிவைக்காமல் இருந்தால் போதும்.