காரிருளன் மீது ஒரு பிராது

தெய்வத்திடம் முறையிட்ட பக்தர்கள் இந்தத் தேசத்தில் ஏராளம். தெய்வமாக நடித்தவளுக்காகத் தெய்வத்திடம் வழக்குத் தொடுத்த பெருமை எங்கள் விருத்தாசலத்துக்கு மட்டுமே உண்டு. அதை வாங்கிக் கொடுத்தவள் பீங்கான் பொம்மைக் கூடத்தின் தலைவி பானுமதி. கேளுங்கள் என் கண்ணுகளா. கைதட்டுவதா வேண்டாமா என்பதைக் கடைசியில் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அரசாங்கம் கலர் டிவி கொடுத்த காலம் அது. வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்ததால், வந்ததைக் கூடத்து அலமாரி மேல் வைத்துப் பொட்டும் இட்டாள் பானுமதி. வேலை முடிந்ததும் 'ஏழாம் புற்று' தொடர் ஆரம்பமாகும். நாயகி புற்றுமங்கை. பாதிப் பெண், பாதிப் பாம்பு. விளம்பர இடைவேளையில் முழுச் சோப்பு. அவள் வரும்போது கற்பூரம் ஏற்றுவார்கள். செருப்பு வாசலிலேயே நிற்கும். கூடத்தில் வேலை பார்த்த வேதக்காரி ஃப்ளோராவும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவாள். யாருக்கு வேலை உண்டு, யாருக்கு இல்லை என்பது பானுமதியின் வாயில் இருந்ததால், கூடத்தில் பக்திக்குக் குறைவே இருந்ததில்லை.

ஒருநாள் மந்திரவாதி காரிருளன் ஒரு பிடி சாம்பலை ஊதினான். புற்றுமங்கைக்குக் கண் போயிற்று. மறுநாளிலிருந்து கண்ணில் பட்டுத்துணி கட்டிக்கொண்டு வந்தாள். பானுமதி வீட்டில் அடுப்பு எரியவில்லை. காலையில் 'அவசரப் பொதுக்குழு' கூடியது. அம்மனுக்குக் கண் திறக்கும்வரை இந்தக் கூடத்தில் எந்தப் பொம்மைக்கும் கண் எழுதக் கூடாது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. கைதூக்காதவர்களும் அந்த ஏகமனதில் அடக்கம்.

கூடத்தில் கண் எழுதுகிறவள் அமிர்தம். மயிரிழைத் தூரிகையால் அவள் ஒரு புள்ளி வைத்தால் போதும், களிமண் பொம்மை திரும்பிப் பார்க்கும். வீட்டுக்காரர் படுக்கையில். அந்தக் கையை நம்பித்தான் குடும்பம் நடந்தது. புத்தர்களும் ராதைகளும் தலையாட்டிச் செட்டியார்களும் குருடாக வரிசையில் நிற்க, வேலையில்லாத அமிர்தத்தைப் பானுமதி சூளைப் பக்கம் அனுப்பினாள். சூளைத் தட்டில் ஒட்டிக்கொண்ட பொம்மைகளை உளியால் தட்டி எடுக்கும் வேலை. பழகாத கை. மேற்பூச்சின் சில்லு ஒன்று கண்ணாடித் துண்டாகத் தெறித்து அவளுடைய வலது கண்ணில் பாய்ந்தது.

சாதாரணத் தலைவியாக இருந்தால் ஆட்டோ கூப்பிட்டிருப்பாள். பானுமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மன் தன் நோவில் பங்குகொள்ள அமிர்தத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டாள் என்று அறிவித்தாள். அம்மனுக்குக் கண் திறக்கும் அன்றைக்கு இவளுக்கும் திறந்துவிடுமாம். மஞ்சள் தண்ணீரால் கண்ணைக் கழுவி, பட்டுத்துணி கட்டி, டிவிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மாலை மட்டும்தான் பாக்கி.

"அக்கா, உள்ள உறுத்திக்கிட்டே இருக்குது. ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துடறேங்க்கா" என்றாள் அமிர்தம்.

"அம்மனே மருந்து மாத்திரை இல்லாம பொறுத்துக்கிட்டு இருக்காங்க. உனக்கு என்னடி அவசரம்?"

"அவங்க டிவில பொறுத்துக்கறாங்க. இவ இங்க துடிக்கிறா" என்றாள் ஃப்ளோரா.

"நீ இதுல தலையிடாத ஃப்ளோரா. உங்க சாமி வேற சேனலு."

மதநல்லிணக்கத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

நியாயம் கிடைக்காதவர்கள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மாடு திருடுபோனாலும், மாப்பிள்ளை ஓடிப்போனாலும் காகிதத்தில் எழுதிக் கட்டிவிட்டால் மீதியைச் சாமி பார்த்துக்கொள்வார். பானுமதி, காரிருளன் மேல் பிராது கட்டத் தீர்மானித்தாள். எதிரியின் ஊர் என்னவென்பதில் கொஞ்சம் சிக்கல் வந்தது. பாதாள லோகம் என்று தொடரில் சொல்லியிருந்தார்கள். பாதாளம் எந்தத் தாலுகா?

"நிலக்கரிக்குச் சொரங்கம் தோண்டிக்கிட்டே போறாங்களே, அந்தக் கம்மாபுரம்னு போடு" என்றாள் பானுமதி.

வேன் பிடித்துப் புறப்பட்டார்கள். கண் போனவள் முன்னால் இருந்தால் வழக்குக்கு வலு என்று அமிர்தத்தையும் ஏற்றிக்கொண்டார்கள். பெரியாஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது, இங்கேயே இறக்கிவிட்டுவிடச் சொல்லி அவள் கெஞ்சினாள். பிராதுக்குப் போகிறவர்கள் நடுவழியில் இறங்குவது சாமி குற்றம் என்றார்கள். பிராதிலாவது தன் கண்ணைப் பற்றி ஒரு வரி எழுதச் சொல்லிக் கேட்டாள். ஒரு பிராதில் ஒரு வழக்குதான் என்று சட்டம் சொன்னாள் பானுமதி.

பிராதைக் கட்டிவிட்டுத் திரும்பியபிறகு தொடரின் டைரக்டர் காட்டிய நிதானத்தைப் பாராட்ட எனக்கு வார்த்தை இல்லை. ஒரு வாரம் பட்டுத்துணி காற்றில் ஆடியது. மறுவாரம் புற்றிலிருந்து பாம்பு புறப்பட்டது. அது வந்து சேர்வதற்குள் அமிர்தத்தின் கண்ணில் சீழ் வைத்துவிட்டது. முடிவில் ஒரு வெள்ளிக்கிழமை இடி இடித்து, மின்னல் வெட்டி, துணி விழுந்து, புற்றுமங்கை இமையைத் திறந்தாள். கூடமே அழுதது. வாசலில் சரவெடி வெடித்தது. பானுமதி ஓடிப்போய் அமிர்தத்தின் துணியையும் அவிழ்த்தாள்.

"தெரியுதாடி?"

"இல்லக்கா."

"சரியா பாருடி."

தூரிகையைக் கையில் கொடுத்து ஒரு ராதைக்குக் கண் எழுதச் சொன்னார்கள். புள்ளி மூக்கின் மேல் விழுந்தது. அப்போதும் பானுமதி தளரவில்லை. அமிர்தத்துக்குப் பக்தி பற்றவில்லை என்ற முடிவுக்கு வந்து, அந்த வேலையை வேறொருத்திக்குக் கொடுத்தாள்.

மறுநாள் ஃப்ளோரா யாரிடமும் கேட்காமல் அமிர்தத்தைப் பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏற்றினாள். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, சில்லு பட்ட அன்றைக்கே வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார். இனி அதில் பார்வை இல்லை.

பொங்கலன்று புற்றுமங்கையாக நடித்த நடிகையின் 'சிறப்புப் பேட்டி' வந்தது. கூடத்தில் பொங்கல் வைத்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் ஓரமாக அமிர்தமும் இருந்தாள். படப்பிடிப்பில் யாகப் பொறி பட்டுத் தன் கண் சிவந்துவிட்டதாக நடிகை சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த நிமிடமே காரில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். கண்ணைக் கட்டி வைக்கும்படி டாக்டர் சொன்னாராம். கட்டு பிரியும்வரை கதை நிற்கக் கூடாதே என்று டைரக்டர் அந்தச் சாம்பல் காட்சியைச் சேர்த்தாராம். "லேட் பண்ணியிருந்தா பார்வையே போயிருக்கும்னாங்க" என்றாள் அம்மன்.

"எவ்ளோ புத்திசாலி பாரேன்" என்று பானுமதி கைதட்டினாள். கூடமும் கைதட்டியது.

அமிர்தம் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டப் போவதாகச் சொன்னாள். பானுமதிக்கு மனம் உருகிவிட்டது.

"போயிட்டு வாடி. அந்தக் காரிருளன் பேரைக் கொட்டை எழுத்துல எழுது."

"அவன் பேரு எதுக்குக்கா? அவன் டிவியவுட்டு வெளியவே வரலியே" என்றாள் அமிர்தம்.

அவள் கேட்டுக்கொண்டபடி பிராதை எழுதிக் கொடுத்தவள் நான்தான், என் கண்ணுகளா. எதிரியின் பெயருக்கு ஒரு வரிதான் விட்டிருந்தது. அன்று அந்தக் கூடத்தில் கைதட்டியவர்கள் எல்லாருடைய பெயருக்கும் அது போதவில்லை. பின்பக்கத்தையும் திருப்பி எழுதினேன்.